ப்ளாய்ட் ரோஸ் கிட்டாரை டிராப் சி-க்கு இறக்கினால் பிரிட்ஜ் உள்ளே சாய்கிறது. ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாமா?

கழற்ற வேண்டாம். முதலில் ஸ்ட்ரிங் செட்டை மாற்றுங்கள். ஸ்பிரிங் பக்கம் அதற்கப்புறம் போகலாம்.

உங்கள் கிட்டாரில் இருப்பது 10-46 செட் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், மெல்லிய முதல் ஸ்ட்ரிங் 10, தடித்த அடி ஸ்ட்ரிங் 46) என்று எழுதியிருக்கிறீர்கள். சாதாரண ஈ டியூனிங்கில் ஒழுங்காக இருந்தது, டிராப் சி (அடி ஸ்ட்ரிங் சி-க்கு, மற்ற ஐந்தும் ஒரு முழு ஸ்வரம் கீழே) வைத்ததும் பிரிட்ஜின் பின்பக்கம் அமுங்கிவிட்டது, ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி இரைகிறது, ஒன்றைச் சேர்த்தால் மற்றது கலைகிறது. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான். ப்ளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் பிரிட்ஜ் என்பது ஒரு தராசு. ஒரு பக்கம் ஆறு ஸ்ட்ரிங்கும் இழுக்கின்றன, கிட்டாரின் முதுகுக்குள்ளிருந்து ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை பிரிட்ஜ் கிடைமட்டமாக நிற்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஸ்ட்ரிங் நீளம் 25.5 அங்குலமுள்ள கிட்டாரில் 10-46 செட்டை ஈ டியூனிங்கில் வைத்தால் ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 47 கிலோ இழுக்கும். சுருதியை இறக்க இறக்க இழுப்பு அதைவிட வேகமாகக் குறையும், ஏனென்றால் அது அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. அரை ஸ்வரம் இறக்கினால் 11 சதவீதம் போகும். முழு ஸ்வரத்துக்கு 21 சதவீதம். ஈ-யிலிருந்து சி வரை இறங்கும் அடி ஸ்ட்ரிங்கில் மட்டும் 37 சதவீதம். டிராப் சி-யில் அதே செட்டின் மொத்த இழுப்பு 36 கிலோ அளவில்தான் வரும். ஸ்பிரிங்குகளோ இன்னும் 47 கிலோவுக்கு ஈடாகவே இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த 11 கிலோதான் உங்கள் பிரிட்ஜை உள்ளே சாய்க்கிறது. அடி ஸ்ட்ரிங்கை இறக்கும்போது மற்ற ஐந்தும் தானாக ஏறுவதும் இதனால்தான்.

ஸ்பிரிங்கைக் கழற்றினால் தராசு சமமாகலாம். ஆனால் தொளதொளவென்று கிடக்கும் ஸ்ட்ரிங் அப்படியேதான் இருக்கும். பலமாகத் தட்டினால் அடி சி முதலில் கொஞ்சம் ஏறி ஒலித்துப் பிறகு இறங்கும், ஃப்ரெட்டில் இரையும், ரிஃப் தெளிவாகக் கேட்காது. 11-54 செட் போட்டுப் பாருங்கள். போன இழுப்பு ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்துவிடும், ஸ்பிரிங்கைத் தொட வேண்டிய வேலையும் மிகக் குறைவாக இருக்கும். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசித்தார், அவர் முதல் ஸ்ட்ரிங்காகப் போட்டது 13. அவ்வளவு தடிமன் எல்லார் விரலுக்கும் ஒத்துவராது. ஆனால் இறக்கிய சுருதிக்குத் தடித்த ஸ்ட்ரிங் என்ன தருகிறது என்பதை அவர் வாசிப்பில் காதாலேயே உணரலாம்.

செட்டை மாற்றியதும் சமன் செய்ய நான் பின்பற்றும் முறை இது. நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) உள்ள பூட்டுகளை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் கழற்றி எடுத்துவிடுங்கள். பிரிட்ஜில் உள்ள ஃபைன் டியூனர்களை எல்லாம் பாதித் தூரத்தில் நிறுத்துங்கள். கிட்டாரின் முதுகு மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் தகடு தெரியும், அதை மரத்தோடு பிடித்திருப்பவை இரண்டு நீள ஸ்க்ரூக்கள். இரண்டையும் இரண்டு மூன்று சுற்று இறுக்குங்கள். ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜ் பின்பக்கம் அமுங்கும், அது வேண்டுமென்றே செய்வது. இப்போது பழைய விசிட்டிங் கார்டுகளை அடுக்கி மெல்லிய துணியில் சுற்றி, பிரிட்ஜின் பின்பகுதிக்கும் மரத்துக்கும் நடுவே சொருகுங்கள். பிரிட்ஜின் தகடு கிட்டாரின் உடலுக்கு இணையாக நிற்கும்வரை ஒவ்வொரு கார்டாகச் சேர்க்க வேண்டும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் கோணல் கண்ணுக்கே தெரியும்.

பிரிட்ஜ் இனி அசையாது. அதனால் ஒரு ஸ்ட்ரிங்கைச் சேர்த்தால் மற்றது கலையாது, டிராப் சி-யை நிதானமாக வையுங்கள். நம் கணக்கில் அடி ஸ்ட்ரிங் 1 கட்டையில் நிற்கும். புது ஸ்ட்ரிங்கைக் கையால் இழுத்து இழுத்து விட்டு, இறங்காமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சேருங்கள். பிறகு அந்த இரண்டு ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே, இடையிடையே கார்டு அடுக்கை விரலால் ஆட்டிப் பாருங்கள். முதலில் அசையவே அசையாது. ஒரு கட்டத்தில் லேசாக நெகிழும். எந்த இடத்தில் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறதோ, அங்கே நிறுத்திவிடுங்கள். பிரிட்ஜ் இணையாக நிற்கும், சுருதியும் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். இந்த முறை தெரியாத காலத்தில் ஒரு டியூனிங் மாற்ற எனக்கு ஒரு மாலைப்பொழுதே போகும். ஸ்பிரிங் தகட்டில் சால்டர் செய்த கிரவுண்ட் வயர் ஒன்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் பட்டு அது விட்டுப்போனால் ஆம்பில் இரைச்சல் வரும். அதில் மட்டும் கவனம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும் அந்த இரண்டு போஸ்ட்டுகளை, ஸ்ட்ரிங் முழு இழுப்பில் இருக்கும்போது திருகாதீர்கள். பிரிட்ஜ் தகட்டின் கத்திமுனை போன்ற விளிம்பு அந்தப் போஸ்ட்டில்தான் பதிந்திருக்கிறது. என் முதல் கிட்டாரில் ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனைக் குறைக்க அப்படியே திருகினேன், விளிம்பில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பள்ளம் விழுந்தது. அதன்பின் பாரை (பிரிட்ஜை ஆட்டும் கம்பியை) அழுத்திவிட்டால் சுருதி ஒருபோதும் சரியான இடத்துக்குத் திரும்பவில்லை. கடைசியில் தகட்டையே மாற்றினேன். ஆக்‌ஷன் மாற்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரிங்கை நன்றாகத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள்.

பிரிட்ஜ் சமமான பிறகு நெக்கைப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.25 மில்லிமீட்டர் இடைவெளி போதும். இன்டொனேஷன் (மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சேர்வது) கட்டாயம் மாறியிருக்கும், தடித்த அடி ஸ்ட்ரிங்கின் சேடிலை (பிரிட்ஜில் அது உட்காரும் துண்டை) கொஞ்சம் பின்னே தள்ள வேண்டிவரும்.

இதைப் படிக்கும், நட்டில் பூட்டு இல்லாத ஸ்ட்ராட் வகைக் கிட்டார்காரர்களுக்கும் இதே தராசுதான், ஆனால் அவர்களுடைய தொல்லை நட்டில். 46-க்கு வெட்டிய பள்ளத்தில் 54 நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். டியூன் செய்யும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான் அடையாளம். பென்சில் கரியைத் தடவிப் பாருங்கள், தீராவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும்.

அடிக்கடி ஈ-க்கும் டிராப் சி-க்கும் மாறி மாறி வாசிப்பவர் என்றால் மிதக்கும் பிரிட்ஜ் உங்களுக்கு வேண்டாம். ஸ்பிரிங்குகளை இறுக்கி பிரிட்ஜை மரத்தோடு உட்கார வைத்துவிடுங்கள். பாரை மேலே இழுக்க முடியாது, கீழே அழுத்தலாம். அடி ஸ்ட்ரிங்கை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கும் டி-டுனா கருவிகூட இப்படி உட்கார்ந்த பிரிட்ஜில்தான் சரியாக வேலை செய்யும்.

எல்லாம் முடிந்ததும் நட்டைப் பூட்டி, பாரை ஸ்ட்ரிங் தொங்கும்வரை அழுத்தி விட்டுவிட்டு அடி சி-யை டியூனரில் பாருங்கள். பூட்டும்போது சற்று ஏறியிருந்தால் ஃபைன் டியூனரில் சரிசெய்யலாம். இரண்டு நாள் வாசித்த பிறகு மறுபடி ஒருமுறை பிரிட்ஜைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஸ்ட்ரிங் இன்னும் கொஞ்சம் இழுபட்டிருக்கும், அப்போது ஒரு கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது.