ஒரே மாலையில் யாருக்கும் அறளை பெயர்வதில்லை

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. 1975இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவர். அம்மா காலமான பிறகு ஹாரோவில் நான்காம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகள் எடுக்கிறார். ஒன்று சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை. ஆகஸ்டு வெப்ப அலையின் மூன்றாம் நாள் மாலை நான் போனபோது, இறந்துபோன பெரியத்தையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பத்து வருடங்களுக்கு முன் மூடிய கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடினார். பனடோல் கொடுத்துப் படுக்க வைத்தேன். காலையில் தெளிவாக இருந்தார். "சூட்டில் பிறந்த உடம்பு, நான் 1976 கோடையையே பார்த்தவன்" என்று சிரிக்கிறார். அந்த வாரம் கால் வீக்கம், வேர்க்குரு, பசியின்மை, எழும்பும்போது தலைச்சுற்று, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் இருந்தன. இணையத்தில் தேடினால் மறதி நோயின் தொடக்கம் என்கிறது. நீர் மாத்திரையை நிறுத்திவிட்டு, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுக்கும்படி அண்ணா சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, லண்டன்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள தேதியைப் பார்த்தேன். அந்த மாலை கழிந்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அப்பாவை இன்னும் எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. இணையத்தில் தேடுவதற்குக் கிடைத்த நேரம் மருத்துவரை அழைக்கக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்றே அவருடைய ஜி.பி.யை, அதாவது குடும்ப மருத்துவரை, அழையுங்கள். "வெப்ப அலையின்போது அப்பாவுக்குத் திடீரென்று புத்தி தடுமாறியது, அவர் நீர் மாத்திரை எடுப்பவர்" என்ற இரண்டு செய்திகளையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்று நேரம் கிடைக்கவில்லை என்றால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள்.

நீங்கள் உண்மையில் பயப்படுவது மறதி நோய்க்கு. ஊரில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்களே, அது அப்பாவுக்கும் வந்துவிட்டதோ என்ற பயம். மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஊறி வருவது. மாலை ஆறு மணிக்கு வந்து மறுநாள் காலை தேநீருக்கு முன் அது போய்விடாது. ஆனால் இதைக் கேட்டு நீங்கள் நிம்மதியடைவதை நான் விரும்பவில்லை. சூட்டில் ஒரு முதியவர் திடீரென்று ஆள் தெரியாமல், காலம் தெரியாமல் பேசினால், அந்த மணி நேரத்தில் அது மறதி நோயைவிட ஆபத்தானது. மூளைக்கு ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

உடலின் உட்சூடு 40 டிகிரியை எட்டும்போது முதலில் தள்ளாடுவது மூளைதான். வெப்ப அயர்ச்சிக்கும் உயிரைக் குடிக்கும் வெப்பத்தாக்குக்கும் இடையே மருத்துவர்களாகிய நாங்கள் தேடும் கோடு இந்தத் தடுமாற்றம்தான். தலைவலி, களைப்பு, குமட்டல், அதிக வியர்வை இவை மட்டும் இருந்தால் நிழலும் தண்ணீரும் ஓய்வும் போதும். அரை மணி நேரத்தில் தேறிவிட வேண்டும். தேறாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, உளறினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டாலோ அவசர எண் 999ஐ அழையுங்கள். காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அது வரும்.

அன்று நீங்கள் பனடோல் கொடுத்தீர்கள். வீட்டில் எல்லோரும் செய்வதுதான், உங்களைத் திட்டவில்லை. ஆனால் அது ஏன் வீண் என்று தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சலில், கிருமியை எதிர்க்க மூளையே உடலின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பனடோலில் உள்ள பாராசிட்டமால் அந்த அளவைக் கீழே இறக்குகிறது. வெயில் சூட்டில் மூளை எதையும் உயர்த்தவில்லை. வெளியே போக வழியில்லாமல் சூடு உள்ளே தேங்கியிருக்கிறது. மாத்திரை இறக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஏற்கெனவே வாடியிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் வேலைதான். ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியது வேறு: வீட்டில் குளிர்ச்சியான இடத்துக்குக் கொண்டுபோய், சட்டையைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீர் தெளித்து விசிற வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை அக்குளிலும் கழுத்திலும் வைக்க வேண்டும். தெளிவாக விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

உங்கள் அப்பா தூங்கி எழுந்து தெளிந்துவிட்டார். அதனால் முழுமையான வெப்பத்தாக்கு அவருக்கு வந்திருக்க வாய்ப்பு குறைவு. எனக்கு வலுவான சந்தேகம் இரத்தத்தில் உள்ள சோடியத்தின் மேல். சில நீர் மாத்திரைகள் சோடியத்தைச் சிறுநீரில் இழக்கச் செய்யும். வெப்ப நாட்களில் வியர்வையிலும் அது போகும். சாப்பிடாமல் வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் மிச்சமிருப்பதும் நீர்த்துப்போகும். சோடியம் இறங்கினால் நல்ல அறிவுள்ள மனிதரும் மூடிய கடையைத் திறக்கக் கிளம்புவார். தலைச்சுற்றும் பசியின்மையும் இதனோடு பொருந்துகின்றன. சிறுநீரகம் வாடியிருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். மூளைக்குப் போகும் இரத்தம் சற்று நேரம் தடைப்பட்டிருக்கவும் கூடும். அன்று வாய் கோணியதா, ஒரு கை தளர்ந்ததா, சொற்கள் குழறினவா என்று நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் சோடியமும் சிறுநீரகச் செயல்பாடும், சிறுநீர்ப் பரிசோதனை, ஈ.சி.ஜி., நின்றும் படுத்தும் எடுத்த இரத்த அழுத்தம் இவ்வளவும் தேவை. கோடை போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரை இன்னும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. நினைவாற்றல் பரிசோதனை இப்போது வேண்டாம். சில மாதங்கள் கழித்து, எல்லாம் சீரான பிறகும் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் செய்துகொள்ளலாம்.

அண்ணாவின் யோசனை இரண்டு பக்கமும் தவறு. நீர் மாத்திரையை மாற்ற வேண்டி வரலாம். நானே அதைத்தான் எதிர்பார்க்கிறேன். ஆனால் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மாற்றட்டும். இதயம் பலவீனமான ஒருவருக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால் நுரையீரலில் நீர் சேரலாம். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு வீட்டில் கண்ணளவில் உப்பு கலந்து கொடுப்பதும் வேண்டாம். ஒவ்வொரு வெப்ப அலையிலும் இப்படிப்பட்ட குறுஞ்செய்தி வைத்தியம் குடும்பங்களுக்குள் சுற்றுகிறது. அனுப்புகிறவர் அன்பினால்தான் அனுப்புகிறார். அவர் கண்முன் நோயாளி இல்லை, அவ்வளவுதான்.

மற்றவற்றுக்கு ஒரு வரி போதும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கி, மூச்சுத்திணறல் இல்லாமல், குளிர்ந்ததும் வற்றிவிட்டால் கவலை இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே காட்டுங்கள். வேர்க்குருவுக்குத் தளர்ந்த பருத்திச் சட்டை. கெண்டைக்கால் பிடிப்பும் உப்பு இழப்போடு பொருந்துவதுதான், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அப்பாவின் 76.

அவர் சொல்வது பொய்யில்லை. 1976 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை, பதினைந்து நாட்கள் தொடர்ந்து இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரியைத் தொட்டது. ஜூலை 3 அன்று செல்டனமில் 35.9. ஆறுகள் வற்றின, சில ஊர்களில் தெருக்குழாயில் வாளியோடு நின்றார்கள். ஆகஸ்டில் டெனிஸ் ஹவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கினார்கள். அடுத்த சில நாட்களிலேயே மழை கொட்டியது. இந்த நாட்டில் அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் அந்தக் கோடையை ஒரு பதக்கம் போல அணிந்திருக்கிறார்கள். என்னிடம் வரும் ஆங்கிலேயத் தாத்தாக்களும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் 1976இல் அப்பாவுக்கு 23 வயது. அன்று அவருக்குத் தாகம் உடனே தெரிந்தது. தோலுக்கு இரத்தத்தை வேகமாக அனுப்பிச் சூட்டை வெளியேற்ற இதயத்துக்குத் தெம்பு இருந்தது. மாத்திரை ஒன்றுகூட இல்லை. இன்று அதே சூடு, தாகம் மங்கிய, வியர்வை குறைந்த, இரண்டு மாத்திரைகளில் ஓடும் 72 வயது உடம்பின் மேல் விழுகிறது. கோடைகளை ஒப்பிடும்போது அவர் வெப்பமானியை மட்டும் பார்க்கிறார்.

வெப்பமானியைப் பார்த்தாலும் அவர் வாதம் நிற்காது. 2003 ஆகஸ்டு 10 அன்று கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷாமில் 38.5 பதிவானது, அந்த மாத வெப்ப அலையில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 2,000 பேர் அதிகமாக இறந்தார்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷரின் கோனிங்ஸ்பியில் 40.3. அதுவரை இந்த நாடு காணாத எண். அதற்கு முந்திய இரவு சில இடங்களில் 25 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கோடையின் வெப்ப நாட்களில் இங்கிலாந்தில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 3,000 பேர் என்று கணக்கிட்டார்கள், பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்கள்.

அப்பா தடுமாறிய 2025 கோடையைப் பாருங்கள். அதன் உச்சம் ஜூலை 1 அன்று அதே ஃபேவர்ஷாமில் 35.8, 1976இன் உச்சத்தைவிட 0.1 டிகிரி குறைவு. இருந்தும் 1884இல் தொடங்கும் பிரிட்டனின் பதிவுகளில் அதுவரை சராசரியாக மிக வெப்பமான கோடை இதுதான். 1976இன் கோடை அந்தப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களில்கூட இல்லை. இது எப்படி என்றால், இரவுகள். பகல் எவ்வளவு எரித்தாலும் இரவு குளிர்ந்தால் முதிய உடம்பு தேறிவிடும். இரவும் சூடாகவே இருந்தால் முதல் நாள் பாக்கி இரண்டாம் நாளில் சேரும், இரண்டாம் நாள் பாக்கி மூன்றாம் நாளில். உங்கள் அப்பா மூன்றாம் நாள் மாலையில்தான் தடுமாறினார், கவனித்தீர்களா?

"சூட்டில் பிறந்த உடம்பு" என்ற பெருமையையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. வெப்பத்துக்குப் பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், வியர்வையில் உப்பைக் குறைவாக இழக்கும். அந்தப் பழக்கம் வர ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். சூட்டை விட்டு விலகினால் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். அவர் ஊரை விட்டு ஐம்பது வருடங்கள் ஆகின்றன. ஊரில் விறாந்தை இருந்தது, முற்றத்தில் வேம்பு இருந்தது, ஓட்டுக் கூரை இருந்தது, உச்சி வெயிலில் கிணற்றடியில் நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொள்ளலாம். மத்தியானம் யாரும் வெளியே இறங்கமாட்டார்கள். லண்டன் வீடுகள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவென்றே கட்டப்பட்டவை. ஜூன் கடைசியில் இங்கே பகல் பதினாறரை மணி நேரம் நீள்கிறது. நான்காம் மாடியின் கண்ணாடி வழியே வெயில் இறங்கிக்கொண்டே இருக்கும். நள்ளிரவிலும் சுவர் கொதிக்கும்.

2022இன் அந்த ஜூலை 19 அன்று நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருந்தேன். மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியைக் கொண்டுவந்தார்கள். கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்ததாம். முந்தைய நாள் மாலை தொலைபேசியில் ஏதோ உளறினார், களைப்பு என்று நினைத்தோம், தூங்கட்டும் என்று விட்டோம் என்றார் மகன். மூதாட்டியின் உட்சூடு 41ஐத் தாண்டியிருந்தது. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. "தூங்கட்டும் என்று விட்டோம்" என்ற வார்த்தைகளை உங்கள் கடிதத்திலும் படித்தது போல இருந்தது. அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

அடுத்த கோடைக்கு முன் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வெயில் படும் பக்கத்து ஜன்னலையும் திரையையும் பகலில் மூடி, வெளியே குளிர்ந்த பிறகு இரவில் திறக்க வேண்டும். அறை 35ஐத் தாண்டினால் விசிறியை உடம்பின் மேல் நேரே திருப்பக் கூடாது. வெந்நீரை ஊற்றுவது போல அது சூட்டைத்தான் ஊட்டும். வெப்பத்துக்கான அம்பர் நிற அரசு எச்சரிக்கை வந்த அன்றே அவரை உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு அழைத்து வாருங்கள், மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வரமாட்டேன் என்பார். பேரப்பிள்ளைகளைக் கொண்டு கேட்க வையுங்கள். வராவிட்டால் காலையும் மாலையும் தொலைபேசியில் பேசுங்கள். "சாப்பிட்டீர்களா" என்பதோடு நிறுத்தாமல் "இன்று என்ன கிழமை அப்பா" என்றும் கேளுங்கள். பதில் தவறினால் 999ஐ அழைத்துவிட்டு அங்கே ஓடுங்கள்.

மாத்திரைப் பெட்டிகளை அப்படியே ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் சோடியம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.