வாசலில் ஆம்புலன்ஸ், சுவரில் சுழலும் விளக்கு: கேள்வி பதில்

கும்பகோணத்தைச் சுற்றிப் பதினொரு ஆண்டுகள் 108 வண்டி ஓட்டினேன். அதற்கு முன் தனியார் ஆம்புலன்ஸ் வேன். 108 பணியில் ஓட்டுநரைப் ‘பைலட்’ என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டு என் அம்மா, மகன் விமானம் ஓட்டுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் சுழல் விளக்கைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பாபநாசத்திலிருந்து: அண்ணா, எதிர்வீட்டுத் தாத்தாவை அழைத்துப்போக இரவு இரண்டு மணிக்கு வண்டி வந்தது. சைரன் இல்லை. ஆனால் அரைமணி நேரம் சிவப்பும் நீலமும் எங்கள் சுவரில் ஓடிக்கொண்டே இருந்தன. எங்கள் முட்டுச்சந்துத் தெருவே விழித்துக்கொண்டது. வண்டிதான் நின்றுவிட்டதே, விளக்கு எதற்கு?

தம்பி, வண்டி நின்ற பிறகுதான் எங்களுக்குப் பயமே. ஓடும்போது நான் கண்ணாடிக்குள் இருக்கிறேன். நின்றதும் இறங்கிப் பின்பக்கம் போய், கதவுகளை விரித்து, ஸ்ட்ரெச்சரை இழுக்கிறேன். அப்போது என் முதுகு சாலையைப் பார்த்திருக்கிறது. பின்கதவை முழுதாக விரித்தால் வண்டியின் பின்விளக்குகளே கதவுக்குப் பின்னால் மறைந்துவிடும் வண்டிகளும் உண்டு. வருகிறவனுக்குத் தெரிவதெல்லாம் கூரைமேல் இருக்கும் விளக்கு மட்டும்தான்.

அய்யம்பேட்டை தாண்டி, தஞ்சாவூர் சாலையை ஒட்டிய ஒரு வீடு. அறுவடைக் காலம். “ஊர் கூடிவிடும், விளக்கை அணைத்துவிடுங்கள்” என்று வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அணைத்தேன். பாட்டியைப் படுக்கவைத்து ஸ்ட்ரெச்சரை ஏற்றும் நேரத்தில், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்விளக்கு ஒன்றுகூட இல்லாமல் வந்தது. டிரெய்லரின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த மூட்டை என் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. ஸ்ட்ரெச்சரின் பின்சக்கரத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பாட்டிக்கு ஒன்றும் தெரியாது, கண்மூடிக் கிடந்தார். மருத்துவமனை போய்ச் சேரும்வரை என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து, வண்டி ஓடும் சாலையில் யார் கும்பிட்டாலும் விளக்கை அணைப்பதில்லை.

ஆனால் உங்கள் தெரு முட்டுச்சந்து என்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் வந்து இடிக்கப்போகிறார்கள்? நானாக இருந்தால் சுழல் விளக்கை அணைத்து, நான்கு இண்டிகேட்டர்களை மட்டும் மினுக்க விட்டிருப்பேன். விளக்கு எரிய வேண்டுமா என்பதை நோயாளியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, சாலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

வலங்கைமானிலிருந்து: சட்டம் என்ன சொல்கிறது?

சுழல் விளக்கும் பலகுரல் ஹாரனும், அதாவது சைரனும், அவசரப் பணியின்போது மட்டும்தான். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும் இதைத்தான் சொல்கின்றன. அதே ஆண்டு மே 1 முதல் அமைச்சர், அதிகாரி கார்களின் சிவப்பு விளக்கு போய்விட்டது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வண்டிகளுக்கு அது தொடர்கிறது. வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194இ என்ற பிரிவு வந்தது. 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். டீக்கடைக்குப் போகும்போது விளக்கைப் போடுகிற ஓட்டுநர்களையும் பார்த்திருக்கிறேன். நாளை உண்மையாகவே உயிர் போகிற வேளையில் யாரும் ஒதுங்க மாட்டார்கள் என்றால் அதற்கு இவர்களும் காரணம்.

திருவையாற்றிலிருந்து: என் மகளுக்கு வலிப்பு நோய் உண்டு. அந்த விளக்கைப் பார்த்தால் வலிப்பு வந்துவிடுமா ஐயா?

அம்மா, வலிப்பு நோய் உள்ள நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படும். நொடிக்கு மூன்று முதல் முப்பது முறை மினுக்கும் வெளிச்சம்தான் கவலைக்குரியது. சுழல் விளக்கு பெரும்பாலும் அதன் கீழ் ஓரத்தில்தான் நிற்கும். ஆனால் இரண்டு மூன்று வண்டிகள் அருகருகே நின்று, அவற்றின் விளக்குகள் ஒத்துப்போகாமல் மாறிமாறி மினுக்கினால் வேகம் கூடிவிடும். மகளுக்கு அந்த வகையா என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதுவரை ஜன்னலைச் சாத்திவிட்டால் போதும். வெளியே அகப்பட்டுக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் சும்மா மூடினால் இமை வழியாக வெளிச்சம் உள்ளே வரும்.

நாச்சியார்கோவிலிலிருந்து: பேட்டரி இறங்கிவிடாதா?

இஞ்சின் ஓடினால் இறங்காது. இப்போதைய எல்இடி விளக்குகள் கொஞ்சம்தான் மின்சாரம் குடிக்கும். நான் முதலில் ஓட்டிய வேனில் பழைய சுழல் பல்பு. இஞ்சினை அணைத்துவிட்டு அதை எரியவிட்டு, ஒருமுறை நோயாளியின் மருமகன்களையே வண்டியைத் தள்ள வைத்திருக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து: விளக்கு அதிகமாக எரிந்தால் பாதுகாப்பும் அதிகம்தானே?

இல்லை. இருட்டில் நம் கண்ணுக்கு நீலம் கூடுதலாக உறைக்கும். எதிரே வருகிறவனின் கண் கூசி, வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதனே தெரியாமல் போய்விடுவான். மார்கழிப் பனியில் இன்னும் மோசம். வெண்ணாற்றங்கரைச் சாலையில் வெள்ளை மின்னல் விளக்கைப் போட்டால், பனியில் பட்டுத் திரும்பி எனக்கே சாலை தெரியாது. அமெரிக்காவில் தீயணைப்பு வண்டிகளுக்கு என்.எஃப்.பி.ஏ. 1901 என்று ஒரு தரவிதி இருந்தது, இப்போது அது என்.எஃப்.பி.ஏ. 1900 என்பதில் சேர்ந்துவிட்டது. ஓடும்போது வழிவிடச் சொல்ல ஒரு முறை, நின்று சாலையை மறிக்கும்போது வேறொரு முறை என்று 1901 விளக்கை இரண்டாகப் பிரித்தது. வண்டியை நிறுத்திக் கைபிரேக்கை இழுத்தால் வெள்ளை விளக்குகள் தாமாக அணைந்துவிடும். சிவப்பு போன்ற மற்றவை எரியும். நம் வண்டிகளிலும் இப்படி ஒரு சுவிட்ச் இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, டெல்டாக்காரர்களுக்கு மட்டும் புரிவது. ஐப்பசி கார்த்திகையில் வயலோரம் நின்று உள்விளக்கைப் போட்டுப் பின்கதவைத் திறந்தால், பச்சைத் தத்துப்பூச்சி கொட்டும். வண்டிக்குள் நோயாளியின் மூக்கு, காது, ஆக்சிஜன் முகமூடி எல்லாம் பூச்சி. அந்த மாதங்களில் ஏற்றியவுடன் கதவைச் சாத்துவதுதான் முதல் வேலை.

நீடாமங்கலத்திலிருந்து, பெயர் சொல்ல விரும்பாதவர்: எங்கள் வீட்டில் ஒருவர் பூச்சிமருந்து குடித்துவிட்டார். விளக்கைப் பார்த்து ஊரே வாசலில் நின்றது. இன்றும் கடைக்குப் போனால் அதைத்தான் கேட்கிறார்கள்.

உங்கள் வேதனை புரிகிறது. இப்படிப்பட்ட அழைப்பு என்று முன்பே தெரிந்தால் ஊர் எல்லையிலேயே சைரனை நிறுத்திவிடுவேன். வண்டி ஓடாத ஒதுக்குப்புறத் தெருவாக இருந்தால் விளக்கையும் அணைத்துவிடுவேன். பெரிய சாலை என்றால் அதற்குத் துணிய மாட்டேன். அங்கே கதவு வாசல் பக்கம் வரும்படி வண்டியைப் பின்னால் எடுத்து நெருக்கி நிறுத்துவோம். ஒரு போர்வையை விரித்துப் பிடித்தால் முகம் தெரியாது. வீட்டில் இருவர் போர்வை பிடிக்க முன்வந்தால் போதும். கூட்டத்தை விரட்டுவதைவிட இது எளிது.

பாம்புக்கடிக்கும் இது பொருந்தும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் கடிக்கிறது, வலியும் பெரிதாக இராது. விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது, கண் இமை தொங்குகிறது என்பார்கள். அவரைப் பதறவிடாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாசலில் அறுபது பேர் நின்று “எந்தப் பாம்பு, எந்தப் பாம்பு” என்று கேட்டால் எப்படிப் பதறாமல் இருப்பார்?

வேதாரண்யத்திலிருந்து: கஜா புயலின்போது பணியில் இருந்தீர்களா?

இருந்தேன். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் புயல் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் எங்களை உங்கள் பக்கம் அனுப்பினார்கள். மின்கம்பமெல்லாம் சாய்ந்து கிடந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வெளிச்சம் இல்லை. தென்னை விழுந்து இடுப்பு உடைந்த ஒருவரை ஏற்றுவதற்காக விளக்கைப் போட்டு நின்றோம். இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். நிவாரண வண்டி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பெண் குடத்தோடு வந்து தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். வண்டியில் குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலைக் கொடுத்தோம். அன்று அந்த விளக்கை அணைக்கவும் மனம் வரவில்லை, எரியவிடவும் மனம் வரவில்லை.

திருவிடைமருதூரிலிருந்து: குடிசை தீப்பிடித்தால் வரும் தீயணைப்பு வண்டி?

எரியட்டும். தண்ணீர்க் குழாய் சாலைக்குக் குறுக்கே கிடக்கும், அதன்மேல் யாரும் வண்டி ஏற்றக் கூடாது.

குத்தாலத்திலிருந்து: விளக்கை அணைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் கேட்கலாமா? கோபித்துக்கொள்வாரா?

கேளுங்கள், ஆனால் ஸ்ட்ரெச்சர் வெளியே இருக்கும்போது கேட்காதீர்கள். நோயாளி உள்ளே ஏறி, உதவியாளர் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டோ, சர்க்கரை இறங்கியவருக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டோ இருக்கும் பத்து நிமிடத்தில் மெதுவாகக் கேட்டால் பெரும்பாலோர் அணைத்துவிடுவார்கள். உங்கள் பங்குக்கு, 108க்கு அழைத்தவுடன் தெருமுனையில் ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்துங்கள். வாசல் விளக்கைப் போட்டுவையுங்கள். கதவு எண் தேடி அலையாத ஓட்டுநருக்கு உங்கள் தெருவுக்குள் சைரனும் தேவைப்படாது. அந்த ஆள் எங்கள் முன்விளக்கின் எதிரே நின்று கண்ணில் டார்ச் அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அப்படி அடித்தவர்களில் ஒருவர் என் சொந்த மாமா.