லண்டனும் கொருக்குப்பேட்டை கேட்டும்

அன்புள்ள சார்,

என் மகனுக்கு 11 வயது. போன ஞாயிறு செஸ் ரேட்டிங் டோர்னமென்ட் கடைசிச் சுற்றில் வெள்ளையில் லண்டன் சிஸ்டம் என்ற ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க முறை) ஆடினான். எதிர்ப்பையன் ஆறாவது நகர்த்தலிலேயே குதிரையை எச்5 கட்டத்துக்குக் கொண்டுவந்து பிஷப்பைத் தாக்க, தடுமாறிவிட்டான். கடைசியில் ராஜாவும் சிப்பாயும் மட்டும் மிஞ்சித் தோற்றான். வேறு ஓப்பனிங் பழக்கலாமா? இங்கே நல்ல கோச்சிங் இல்லை, அண்ணா நகருக்கு மாறவும் யோசனை. கோபத்தில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றபோதுகூட நான் அவனிடம் பேசவில்லை.

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எஸ்.,

வீடு மாறுவது உங்கள் இஷ்டம். கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா பாடி ஏரியாப் பையன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். எச்5 குதிரையால் குடி முழுகாது. பிஷப்பை ஜி3-யில் வைத்து வெட்டக் கொடுத்தாலும் எச் வரிசை யானைக்குத் திறக்கும்.

ஆனால் 'ராஜாவும் சிப்பாயும்' என்று போகிறபோக்கில் எழுதினீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன். போன வாரம்தான் பரணிலிருந்து பழைய போர்டை இறக்கினேன்.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் டர்னராக இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஆடுவார். ரூய் லோபஸ் ஓப்பனிங்கில் பன்னிரண்டு நகர்த்தலை உருப்போட்டுக்கொண்டு போய் அவர்முன் உட்கார்ந்தேன். எல்லாக் காயையும் வழித்து டப்பாவில் போட்டார். இரண்டு ராஜா, எனக்கு ஒரு சிப்பாய். "சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரைக்கும் ஏத்தி ராணியாக்கிக் காட்டு நைனா." ஒரு மாசம் என்னால் ஏற்ற முடியவில்லை. இரண்டு ராஜாவும் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், யாருடைய முறையோ அவர்தான் வழிவிட வேண்டும். சந்துக்குள் எதிரெதிரே மாட்டிய மீன்பாடி வண்டிகள் மாதிரி. இதை எந்த கோச்சிங்கிலாவது முதல் மாசம் சொல்லித்தருகிறார்களா? பதினைந்து நகர்த்தல் ஒப்பிக்க வைக்கிறார்கள், ஃபீஸ் வாங்குகிறார்கள்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14ஆவது ஆட்டம். 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-வில் வைத்தார். யானைகள் போயின, பிஷப்புகள் போயின, மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். 18 வயது குகேஷ் உலக சாம்பியன். அன்றைய ஓப்பனிங் என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்? அதே குகேஷ்தான் முதல் ஆட்டத்தில் வெள்ளையில் ஆடித் தோற்றவர்.

அப்புறம், பேசவில்லை என்று எப்படி எழுத மனசு வந்தது? அந்த கேட்டில் கூட்ஸ் வண்டி ஊர்ந்து முடிகிறவரைக்குமா? பிள்ளை பாதியில் எழுந்து வரவில்லை, கடைசிக் காய் வரைக்கும் ஆடியிருக்கிறான். ஒரு ரோஸ் மில்க் வாங்கித் தந்தால் குறைந்தா போவீர்கள்?

சரி, அவன் எழுதிய ஸ்கோர் ஷீட்டை அனுப்புங்கள். எதிரெதிரே நின்றபோது யாருடைய முறை என்று பார்க்க வேண்டும்.