பனையேறியின் முட்டியும் லூசியின் முட்டியும்

கேள்வி: எங்கள் ஊர்ப் பனையேறிகள் தினமும் பனை ஏறி அக்கானி இறக்குகிறவர்கள். லட்சம் வருடம் கழித்து அவர்கள் எலும்பைத் தோண்டினால் 'மரத்தில் வாழ்ந்த உயிரினம்' என்றுதானே எழுதுவார்கள்? எலும்பை வைத்து ஆதிமனிதனின் நடையைச் சொல்வதெல்லாம் வெறும் ஊகம். – ஒரு வாசகர், கருங்கல்

பதில்: அப்படி எழுத மாட்டார்கள். முட்டியைப் பார்த்ததுமே 'நடந்த ஆள்' என்று சொல்லிவிடுவார்கள். நம் தொடையெலும்பு இடுப்பிலிருந்து உள்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. அதனால் இரண்டு முட்டிகளும் உடம்பின் நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஒரு காலைத் தூக்கினாலும் பக்கவாட்டில் சரியாமல் நடக்கிறோம். சிம்பன்சிக்கு இந்தச் சாய்வு இல்லை. இரண்டு காலில் நடந்தால் ஆடி ஆடித்தான் போகும்.

பிறந்த குழந்தைக்கும் இந்தச் சாய்வு கிடையாது. நடை பழகப் பழகத்தான் வருகிறது. நடக்கவே முடியாமல் போன பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஆக, சாய்வு இருக்கிற முட்டி, சின்ன வயதிலிருந்தே நடந்த ஒருவருடையது. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1973-ல் டொனால்ட் ஜோஹன்சன் கண்டெடுத்த முட்டியில் அது இருந்தது. அதன் வயது 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல். அடுத்த வருடம் அதே ஹடாரில் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதிமனித இனப் பெண்ணின் எலும்புக்கூட்டிலும் இருந்தது. இதை ஊகம் என்று தள்ளுவது நியாயமே இல்லை.

உயிரோடிருக்கும் குரங்குகளிடம் சரிபார்த்த பிறகுதான் புதைபடிவத்துக்கே வருகிறார்கள். கீரிப்பாறைக்கு மேலே காட்டில் கருங்குரங்கைப் பார்த்திருப்பீர்கள். கிளைக்குக் கிளை தாவுகிற அதற்குக் கையைவிடக் கால் நீளம். கைப் பெருவிரல் குட்டை. தொங்கித் திரியும் ஒராங்குட்டானுக்குக் காலைவிடக் கை நீளம், விரலெலும்புகள் வளைந்திருக்கும். லூசியின் இனத்துக்கும் விரலெலும்புகள் வளைந்தவைதான். அப்புறம்தான் தகராறே: நடந்தவர்கள் மரமும் ஏறினார்களா?

இங்கே உங்கள் பனையேறி சரியான ஆள். லூசி இனத்தின் கணுக்கால் நம்முடையதைப் போல இருப்பதால், சிம்பன்சி மாதிரி மரம் ஏறியிருக்க முடியாது என்று ஒரு வாதம் இருந்தது. உகாண்டாவில் தேனுக்காக மரமேறும் துவா மக்களை ஆராய்ந்து 2013-ல் வெளியான கட்டுரை அதை அசைத்துவிட்டது. அவர்கள் பாதத்தை முழங்காலை நோக்கி வெகுவாக மடக்கி ஏறுகிறார்கள். வித்தியாசம் எலும்பில் இல்லை, கெண்டைச்சதையின் நார்கள் நீளமாக இருப்பதில். சதை மண்ணில் மிஞ்சாது. கணுக்காலை மட்டும் வைத்து 'ஏறவில்லை' என்று சொல்லக் கூடாது என்ற அளவில் உங்கள் சந்தேகம் நியாயமானது.

ஆனால் கணுக்கால் சொல்லாததைக் கை சொல்லலாம். வேலைக்கு ஏற்ப எலும்பு தடிக்கும். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கிற கையின் எலும்பு மற்றதைவிடத் தடிமன். லூசியின் எலும்புகளை சி.டி. ஸ்கேன் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, தொடையெலும்போடு ஒப்பிட்டால் அவள் மேற்கையெலும்பு நம்முடையதைவிட வலுவானது, சிம்பன்சியுடையதைவிட வலுக்குறைந்தது என்றது. நடந்தாள், மரமும் ஏறினாள் என்பதே என் முடிவும்.

நம் பனையேறிகளின் கையெலும்பையும் இப்படி அளக்க வேண்டும். திளாப்பு மாட்டி ஏறுகிறவர்கள் நம் மாவட்டத்தில் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். உங்கள் கேள்விக்கு முழுப் பதில் அவர்கள் கையில் இருக்கிறது. இங்குள்ள கல்லூரிகள் இப்போதே அதைச் செய்ய வேண்டும்.