வளர்ப்புப் பிள்ளை எடுக்க நினைக்கிறீர்களா? சுங்கை சிப்புட்டில் கேட்ட கேள்விகள்

கேள்வி: அக்கா, வளர்ப்புப் பிள்ளை எடுப்பதும் தத்தெடுப்பதும் ஒன்றுதானே?

இல்லை தங்கச்சி. தத்தெடுத்தால் சட்டப்படி அது உங்கள் பிள்ளை. வளர்ப்புக்கு ஏற்பது கோர்ட் உத்தரவுப்படி ஒரு காலம்வரை பார்த்துக்கொள்வது. பெற்றோர் இல்லாத அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை 2 வருடத்துக்கோ 18 வயது ஆகும்வரைக்கோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை, தகுதியான வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்க மலேசியாவின் சிறார் சட்டம் 2001 வழி செய்கிறது. அதற்குள் பெற்றவர் யாரும் தேடி வராவிட்டால், அப்புறம் நீங்களே தத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகளை எங்களிடம் விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். நாலு மாதமாக ஆளே காணோம். அப்படியே வளர்க்கலாமா?

நல்ல மனசோடு செய்கிறீர்கள், ஆனால் இப்படியே விடாதீர்கள். அடுத்தவர் பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தால் ஒரு வாரத்துக்குள் சமூகநல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தோட்டங்களில் 'அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை' என்று பேச்சோடு வளர்த்துவிடுகிறோம். சிக்கல் பிறகுதான் வரும். முதலாம் ஆண்டில் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள், 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்க வேண்டும். அப்போது அப்பாவை எங்கே போய்த் தேடுவது? நாலு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்காமல் இந்த வாரமே போங்கள். நமக்குக் கோலகங்சார் மாவட்டச் சமூகநல அலுவலகம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தடுப்பூசி புத்தகம், அப்பாவின் பழைய போன் நம்பர், இருப்பதை எல்லாம் எடுத்துப் போங்கள். இல்லாததை இல்லை என்றே சொல்லுங்கள்.

கேள்வி: ஆபத்தில் இருக்கும் பிள்ளை எப்படி நம் வீடுவரை வருகிறது?

அதிகாரியோ போலீஸோ பிள்ளையை மீட்டால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அதன்பின் பாதுகாப்பான இடத்தில் வைத்து விசாரிப்பார்கள். சொந்தக்காரர் யாராவது ஏற்பார்களா என்று பார்ப்பார்கள். பெயர் கொடுத்த உடனே பிள்ளையைக் கையில் தருவதில்லை. வருமானம், உடல்நலம், வீட்டில் யார் யார் என்று கேட்டு, வீட்டையும் வந்து பார்ப்பார்கள். பதில் சொல்லக் கூச்சப்படாதீர்கள், பிள்ளைக்காகத்தான் கேட்கிறார்கள். அடி உதை நடப்பதைப் பார்த்தவர்கள் 15999 (தாலியான் காசே உதவி எண்) எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: சம்பளம் கம்மி, தோட்ட வீடு. கொடுப்பார்களா?

வீடு சிறியது என்பதற்காகத் தள்ளிவிட மாட்டார்கள். வளர்ப்புப் பிள்ளைக்கென்று உதவித்தொகை உண்டு, ஆனால் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: வந்த பிள்ளை ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அவசரப்படுத்தாதீர்கள். பானையில் தண்ணீர் மோந்து குடிக்கக்கூட 'குடிக்கலாமா ஆன்ட்டி' என்று வாசலில் நின்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. ஒவ்வொரு தடவையும் 'குடிய்யா' என்று முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். பெற்றவளைப் பற்றி வீட்டில் யாரும் ஏசக் கூடாது, அதில் மட்டும் கறாராக இருங்கள்.

கேள்வி: பாசம் வைத்த பிறகு திரும்பக் கேட்டால்?

கொடுத்துத்தான் ஆக வேண்டும். அழுகை வரும், வரட்டும். பெற்ற வீடு சரியாகிவிட்டது என்று கோர்ட் முடிவு செய்தால் அது பிள்ளைக்கு நல்ல சேதி. முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைல் போட்டு, போட்டோ, பள்ளி ரிப்போர்ட், கிளினிக் சீட்டு எல்லாம் சேர்த்து வையுங்கள். போகும்போது பிள்ளை கையில் அதைக் கொடுத்தனுப்பலாம்.