மன்னித்துவிட்டால் பழையபடி உறவாடியே ஆக வேண்டும் என்று பைபிள் சொல்கிறதா?

சகோதரனை எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு சொன்ன "ஏழெழுபதுதரம்" வசனத்தை (மத்தேயு 18:22) யாரோ உங்களிடம் சொல்லி வாயடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது. நான் போதகரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. "வசனத்தை வளைக்கிறாள்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் மத்தேயு 18-ஐ முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

அப்பா இறந்த கொஞ்ச நாளில் அண்ணன் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினான். பேங்க் விஷயம் என்றான். வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம் அது என்பது ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வீடு போனதுகூட ஆறிவிட்டது. "அவள் தெரிந்துதான் போட்டாள்" என்று அம்மாவையும் சொல்ல வைத்தானே, அதுதான் ஆறவில்லை.

ஆறு வருஷம் பேசவில்லை. எங்கள் போதகர், "மன்னித்தேன்னு சொல்லிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ட்டு வாம்மா" என்றார். கையில் அதே மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் 15 முதல் 17 வரை அவர் வாசிக்கவே இல்லை. குற்றம் செய்த சகோதரனிடம் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ, அப்புறம் சபைக்குச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் அவன் உனக்கு ஆயக்காரனைப்போல (அன்று ஊரே ஒதுக்கிவைத்த வரி வசூலிப்பவனைப்போல) இருக்கட்டும் என்று இயேசுவே சொன்ன இடம் அது. லூக்கா 17:3-லும் மன்னி என்பதற்கு முன்னால் "அவன் மனஸ்தாபப்பட்டால்", அதாவது மனம் வருந்தினால், என்று ஒரு வார்த்தை இருக்கிறது.

   

எனக்குத் தெளிவு வந்தது ஆதியாகமம் 33-ல். அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு ஓடிப்போய், மாமன் லாபானிடம் 20 வருஷம் இருந்துவிட்டுத் திரும்பும் யாக்கோபை அந்த ஏசாவே ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறான். அதோடு பிரசங்கத்தை முடித்துவிடுவார்கள். மிச்சத்தைப் படியுங்கள். ஏசா கூடவே வரக் கூப்பிடுகிறான். ஏசா இருக்கும் சேயீருக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டு, யாக்கோபு சுக்கோத்து என்ற வேறு இடத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான்! பொய் சொன்னது சரி என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பு கிடைத்தபிறகும் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே போகவில்லை, அவ்வளவுதான். பிறகு தகப்பன் ஈசாக்கை அடக்கம் பண்ண இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள் (35:29). யோசேப்பும் தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரைக் கண்டவுடனே கட்டிப்பிடிக்கவில்லை. தம்பி பென்யமீனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவனான யூதா சொல்கிறவரைக்கும் தன்னை யாரென்று காட்டவில்லை.

என்னைக் குத்திய வசனமும் ஒன்று உண்டு. மத்தேயு 5:23-24. காணிக்கை செலுத்த வரும்போது "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது. எனக்கு அவன்மேல் உள்ள குறையைப் பற்றி அல்ல. அந்தக் கோபத்தில் அண்ணியைப் பற்றி, அவளுக்கு இதில் பங்கே இல்லை என்று தெரிந்தும், சொந்தக்காரர்களிடம் ஏதேதோ சொல்லியிருந்தேன். அண்ணனுக்குப் போன் பண்ணி அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். பத்திரத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. "சரி, வைக்கிறேன்" என்றான்.

இப்போது அம்மாவைப் பார்க்கப் போகும் இடத்தில் எதிர்ப்பட்டால் "நல்லாருக்கியா" என்று கேட்டுக்கொள்கிறோம். அவன் வீட்டுப் படி இன்னும் ஏறவில்லை. எந்தக் காகிதத்திலும் வாசிக்காமல் கையெழுத்தும் போடுவதில்லை.