சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க: பழைய காம்பாக்ட் எஸ்யூவி கேள்வி-பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல பழைய வண்டி பத்தித்தான். சம்பா அறுப்பு முடிஞ்சு கையில காசு வர்ற நேரம், வீட்டுக்கு ஒரு கார் வேணும்னு தோணுறது நியாயம்தான். கடிதங்களை சுருக்கிப் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆறரை லட்சம் வச்சிருக்கேன். 2018 மாருதி டீசல் பிரெஸ்ஸா, 82,000 கிலோமீட்டர், ஒரே ஓனர். நேர்ல போய் என்ன பாக்கணும்? (மன்னார்குடி)

நல்ல இன்ஜின் தம்பி. 1,248 சிசி, ஸ்விஃப்ட், டிசையர்ல எல்லாம் வந்த அதே டீசல்தான், 2020லேந்து அத நிறுத்திட்டாங்க, ஆனா நம்ம பக்கத்து மெக்கானிக் யார் வேணாலும் கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டுவாங்க. அதனால இன்ஜின் பேர பாத்து பயப்படாதீங்க, அந்த ஒரு வண்டி எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க.

முதல் நாளே போன் பண்ணி சொல்லிடுங்க, காலைல ஏழு மணிக்கு வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா அன்னிக்கு திரும்பி வந்துடுங்க, இன்னொரு நாள் போங்க. ஸ்டார்ட்டிங் ட்ரபிள், புகை, சத்தம் எல்லாம் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் வெளிய வரும். நீலப்புகை வந்தா ஆயில் எரியுது. ஆயில் மூடிய கழட்டி உள்பக்கம் பாருங்க, மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா தண்ணி கலந்திருக்கலாம், மெக்கானிக் பாக்காம மேல பேசாதீங்க. இன்ஜின் ஓடும்போது மூடிய லேசா திறந்தா குபுகுபுன்னு புகை தள்ளுச்சுன்னா உள்ள தேய்மானம் ஜாஸ்தி.

ஓட்டும்போது மூணாவது கியர்ல முப்பதுல போய்ட்டு ஆக்சிலேட்டர நல்லா மிதிங்க. சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரலன்னா கிளட்ச் போச்சு, அந்தக் காச விலையில கழிங்க. பானெட்டுக்கு உள்ள ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேல வர்ற தகடு) போல்ட்டுல ஸ்பானர் பட்டு பெயின்ட் உதிர்ந்திருக்கான்னு பாருங்க, உதிர்ந்திருந்தா அந்தப் பக்கம் கழட்டி மாட்டியிருக்காங்க, ஏன்னு கேளுங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 3518னா 2018ல 35வது வாரம் செஞ்சது. மீட்டர் 28,000 காட்டுது, நாலு டயரும் புதுசுன்னா எனக்கு அங்கயே சந்தேகம் வந்துடும். உங்க வண்டி 82,000ங்கறதால ஒரு தடவ டயர் மாத்தியிருந்தா இயற்கைதான்.

கேள்வி: ஆன்லைன்ல போட்டோ பாத்து 20,000 அட்வான்ஸ் ஜிபே பண்ணிட்டேன். வண்டி சென்னைல இருக்கு. ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) கேட்டா நாளைக்கு அனுப்புறேங்கறார். மீதி எப்ப குடுக்கலாம்? (கும்பகோணம்)

குடுக்காதீங்க. ஆர்சி பாக்காம 20,000 அனுப்பினதே தப்பு, எம்பரிவாகன்ங்கற அரசாங்க ஆப்ல வண்டி நம்பர போட்டிருந்தா இன்சூரன்ஸ் இருக்கா, லோன் இருக்கான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். இத எத்தனை தடவ எழுதுறது சார்.

கேள்வி: நாகப்பட்டினத்துல கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல நின்ன வண்டி, விலை ரொம்ப கம்மியா சொல்றாங்க. தண்ணில நின்னதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? (நாகூர்)

இத நான் ஏமாந்து கத்துக்கிட்டது, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். கஜா புயல் 2018 நவம்பர்ல அடிச்சுது, அதுக்கு மூணு மாசம் கழிச்சு ஒரு புரோக்கர் மூலமா ஒரு டீசல் எஸ்யூவி வாங்கினேன், 5,40,000. உள்ள ஏறினதும் சென்ட் வாசன தூக்குச்சு, புதுசா கார்ப்பெட் போட்டிருந்தாங்க, நல்லா வச்சிருக்காங்களேன்னு நெனச்சேன். மூணாவது மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல நின்ன வண்டி தானா ஹார்ன் அடிச்சுது. ஜன்னல் கண்ணாடி தானா இறங்கும், மறுபடி ஏறாது. எலக்ட்ரீஷியன் வந்து டிரைவர் சீட்ட கழட்டி கார்ப்பெட்டத் தூக்கினார், அடியில காஞ்ச சேறு, பாளம் பாளமா வெடிச்சு, ஆறு திறக்கறதுக்கு முன்னாடி வயல் கிடக்குமே அப்படிக் கிடந்துச்சு. வயர் ஜாயின்ட் ஒண்ண பிடுங்கிக் காட்டினார், பின்னு எல்லாம் பச்சையா பூத்திருந்துச்சு. எந்த ஊர்ல, எந்த மழைல நின்ன வண்டின்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. அறுபதாயிரத்துக்கு மேல செலவு பண்ணியும் சரியாகல, கடைசில விஷயத்த சொல்லியே பாதி விலைக்குக் குடுத்தேன்.

அதனால நீங்க பண்ண வேண்டியது, சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க. வெளிய தெரியுற பாகத்த கழுவிடுவாங்க, சுருளுக்குள்ள கிடக்கற கடைசி அரை அடிய நிறைய பேர் விட்டுடுவாங்க, அதுல சேத்துக் கோடு நிக்கும். டிக்கில ஸ்டெப்னிய தூக்கி அந்தக் குழிய பாருங்க. சீட்டுக்கு அடில கைய விட்டு அந்த இரும்புத் தண்டவாளத்துல துரு இருக்கான்னு தடவுங்க. போன வருஷ இன்சூரன்ஸ் பாலிசி கேளுங்க, ஒரே ஓனர், அஞ்சு வருஷமா கிளெய்மே இல்லன்னு சொல்றவர் வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் பண்ணாததுக்கு பிரீமியத்துல தர்ற தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கணும், பூஜ்யம்னு இருந்தா காரணம் கேளுங்க. 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னைல கார் மூழ்கிக் கிடந்தத எல்லாரும் டிவில பாத்தோம், அப்படி நின்ன வண்டி எந்த ஊர் மார்க்கெட்டுக்கு வேணாலும் வரும். உங்களுக்கு உப்புக்காத்துப் பிரச்சனையும் இருக்கு, ராம்ப்ல ஏத்தி அடிப்பாகத்தையும் பிரேக் பைப்பையும் பாக்காம முடிக்காதீங்க.

கேள்வி: வீடு வயல் ஓரத்துல. எலி வயர கடிக்குமா? (பாபநாசம்)

கடிக்கும். வாங்கற வண்டிலயும் பானெட்டத் தூக்கி இன்சுலேஷன் டேப் சுத்தின வயர் இருக்கான்னு பாருங்க, பேட்டரி பக்கத்துல வைக்கோல், நெல்லு உமி கிடந்தா எலி குடியிருந்திருக்கு.

கேள்வி: காரைக்கால் நம்பர் பிஒய் 02 வண்டி 60,000 கம்மியா கிடைக்குது, வாங்கலாமா? (திருவாரூர்)

தமிழ்நாட்டுலயே வச்சு ஓட்டப் போறீங்கன்னா அந்த ஊர் ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்க வரி கட்டி, 12 மாசத்துக்குள்ள நம்பர் மாத்தணும். அந்த வரிய கணக்குப் போட்டுட்டு அப்பறம் 60,000 மிச்சமான்னு பாருங்க.

கேள்வி: என் ஃபோர்டு எகோஸ்போர்ட் கார 2022ல ஒருத்தருக்கு வித்தேன். பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன், அவர் பேர் மாத்தாம அடுத்தவருக்கு வித்துட்டார். இப்ப ஆக்சிடென்ட் கேஸ்ல எனக்கு சம்மன் வந்திருக்கு. நான் என்ன பாவம் பண்ணேன்? (மயிலாடுதுறை)

ஐயா, நீங்க ஒரு பாவமும் பண்ணல, மனுஷன நம்பினீங்க. ஆனா ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018ல நவீன் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு, அதுலயும் வண்டி கை மாறி கை மாறிப் போயிருந்துச்சு, பொறுப்பு ஆர்சில பேர் இருந்தவர் தலைலதான் வந்துச்சு. உடனே ஒரு வக்கீலப் பாருங்க. அன்னிக்குத் தேதில இன்சூரன்ஸ் இருந்துச்சான்னு முதல்ல தேடுங்க, இருந்தா பெரிய பாரம் குறையும். டெலிவரி நோட்டு, பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீங்க.

நான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கறது இதுதான். தேதி போடாத ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு, அடுத்து வாங்கறவர் கிடைக்கற வரைக்கும் வண்டிய ஓட்டிக்கிட்டு இருக்கற பழக்கம் நம்ம ஊர்ல ஒழியவே மாட்டேங்குது. சட்டப்படி மாநிலத்துக்குள்ள வித்தா விக்கறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரியப்படுத்தணும், வாங்கறவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்தணும், இன்சூரன்ஸயும் 14 நாளுக்குள்ள மாத்தணும். 2023 ஏப்ரல்லேந்து பழைய கார் டீலர்னா ஆர்டிஓகிட்ட அனுமதி வாங்கியிருக்கணும், வண்டிய அவர் கைல ஒப்படைக்கறப்ப ஃபார்ம் 29சி போடணும், அதுக்கப்பறம் பொறுப்பு அவருது. யாராவது "அதெல்லாம் இங்க யாரும் பண்றதில்ல"ன்னு சொன்னா சாவிய திருப்பி வாங்கிக்கிட்டு வந்துடுங்க. வாங்கறவங்களுக்கும் சொல்றேன், பழைய ஓனர் இறந்துட்டார்னா அந்தக் கையெழுத்த வச்சுக்கிட்டு நீங்க அலையணும். மீதிப் பணத்துல 25,000 நிறுத்தி வைங்க, ஆர்சில உங்க பேர் வந்தப்பறம் குடுங்க.

கேள்வி: வண்டி விலை 6 லட்சம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு டீலர் கேக்கறார். (தஞ்சாவூர்)

முழு விலைக்கும் வாங்கினா தப்பு. டீலர் வாங்கின விலைக்கும் விக்கற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் அந்த 18. தனியாள் வித்தா ஜிஎஸ்டியே கிடையாது. 2025 செப்டம்பர் 22லேந்து நாலு மீட்டருக்குள்ள இருக்கற சின்ன இன்ஜின் புது வண்டிக்கே வரி 18க்கு இறங்கிடுச்சு, அதனால பழைய வண்டிக்குப் பழைய கணக்குல விலை சொன்னா ஒத்துக்காதீங்க.

கேள்வி: நர்ஸா வேலை பாக்கறேன். போன வருஷம் டீலர்கிட்ட 4,80,000 குடுத்து 41,000 கிலோமீட்டர்னு ஒரு எஸ்யூவி வாங்கினேன். கம்பெனி சர்வீஸ்ல விட்டப்ப, ரெண்டு வருஷம் முன்னாடியே 96,000ல சர்வீஸ் ஆயிருக்குன்னு சொன்னாங்க. டீலர் போன எடுக்கல. நைட் டூட்டி பாத்து சேத்த காசு. (திருத்துறைப்பூண்டி)

அம்மா, உங்க கடிதத்த படிச்சுட்டு ரொம்ப நேரம் வேற எதுவும் எழுத முடியல. இது உங்க கவனக்குறைவு இல்ல, மீட்டர குறைச்சு விக்கறது ஏமாத்து. கைல நல்ல ஆதாரம் இருக்கு, அத விட்றாதீங்க. அந்த சர்வீஸ் ஹிஸ்டரிய தேதி, கிலோமீட்டரோட பிரின்ட் எடுத்து சீல் வாங்குங்க. டீலரோட பில், விளம்பரத்துல 41,000னு போட்டிருந்தா அந்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேத்து, 15 நாள் கெடு வச்சு ரிஜிஸ்டர் தபால்ல ஒரு நோட்டீஸ் அனுப்புங்க. 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுலயும் புகார் பண்ணி நம்பர் வாங்கி வைங்க. பதில் வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுங்க, நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம், டீலர் எந்த ஊரா இருந்தாலும் சரி. குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளங்கறதால கட்டணம் இல்ல, வக்கீல் இல்லாமயும் வாதாடலாம். ஏமாத்து நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, ஆனா தள்ளிப் போடாதீங்க. நோட்டீஸ எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா பில்லோட நகல அனுப்புங்க, நான் எழுதித் தர்றேன்.